ஹசீனாவுக்கு 'முடியாது' சொல்லிக்கொடுத்தது

1. அடுத்த கார்டு

நாலு வயதுப் பையன் ஒருவன் வாழ்க்கையில் முதல் தடவையாக "பூ" என்று சொன்னான். அவனுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த ஹசீனாவுக்கு அது கேட்டது. பூப் படம் போட்ட கார்டைக் கீழே வைத்துவிட்டு அடுத்த கார்டை எடுத்தாள். அதில் மாடு இருந்தது.

நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பையனுடைய அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். எங்கள் சென்டரில் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்க்கக்கூடிய கண்ணாடி உண்டு. பிள்ளைக்குத் தெரியாமல் பெற்றோர் செஷனைப் பார்க்கலாம். அந்த அம்மா கோயமுத்தூர்க்காரர். வீட்டுக்காரருக்கு வியட்நாமில், சைகோனின் விளிம்பிலிருக்கும் தூ டுக்கில் இன்ஜினியர் வேலை. மெட்ரோ வராத காலம். மழையானாலும் வெயிலானாலும் மோட்டார்சைக்கிள் டாக்சியில் பையனை நடுவில் உட்காரவைத்து, ஹைவேயில் கன்டெய்னர் லாரிகளை ஒட்டி நகரத்துக்குள் இருக்கும் எங்கள் சென்டருக்கு மாதக்கணக்காக வந்துகொண்டிருந்தார். "பூ" கேட்டதும் என் கையைப் பிடித்தார். நன்றாகவே வலித்தது.

எங்கள் தொழிலில் முதல் வார்த்தை வந்துவிட்டால் தெரபிஸ்ட் ஆர்ப்பாட்டம் செய்ய வேண்டும். கைதட்ட வேண்டும், சிரிக்க வேண்டும், அந்தப் பொருளைக் கையில் கொடுத்து அந்த வார்த்தையை இன்னும் நாலு தடவை சொல்லிக் காட்ட வேண்டும். பேசினால் உலகத்தில் ஏதோ நடக்கும் என்று பிள்ளைக்குப் புரிய வேண்டும் அல்லவா? சென்டருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்தியவளே ஹசீனாதான்.

"டீச்சருக்குக் கேக்கலீங்களா?" என்றார் அந்த அம்மா.

கேட்டது, அது ஒரு டெக்னிக் என்று சொன்னேன். அப்படி ஒரு டெக்னிக் கிடையாது.

செஷன் முடிந்து அவர்கள் போனபிறகு உள்ளே போனேன்.

"பூ சொன்னானே, ஹசீனா."

"ஆமாங்கா. கேட்டுச்சு."

"அப்புறம்?"

"அடுத்த கார்டு எடுக்கணும்ல."

கோபம் இல்லை, வருத்தம் இல்லை. கேஸ் அடுப்பை அணைத்தாயா என்று கேட்டால் அணைத்தேன் என்று சொல்வோமே, அந்தக் குரல். இதைத்தான் பர்ன்அவுட் என்கிறோம். பெயரைக் கேட்டுவிட்டு ஏதோ பெரிதாகப் பற்றி எரியும் என்று புதிதாக வருகிறவர்கள் எதிர்பார்க்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. அடுத்த கார்டை எடுப்பார்கள், அவ்வளவுதான்.

2. வெள்ளிக்கிழமை கேஸ்

சென்டரின் முதலாளி ஜமால் பாய். காரைக்கால்காரர். அவர் குடும்பம் ஒரு காலத்தில் சைகோனில் துணிக்கடை வைத்திருந்தது. கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்தபிறகு எல்லோரும் ஊர் திரும்பினார்கள். இவர் மட்டும் பல வருஷம் கழித்து மறுபடி வந்து, ஏதேதோ வியாபாரம் பார்த்து, கடைசியில் நகரத்தின் நடுவில், முதலாம் டிஸ்ட்ரிக்டில் ஒரு மாடியைப் பிடித்து இந்த சென்டரை ஆரம்பித்தார். பேச்சுப் பயிற்சியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அவருடைய தங்கச்சி மகனுக்குச் சின்ன வயதில் பேச்சு வரவில்லை. கூட்டிக்கொண்டு போன இடத்திலெல்லாம் இப்போது நேரமில்லை, அப்புறம் வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். பையன் பேசாமலே வளர்ந்து ஆளாகிவிட்டான். அதனால் நம் வாசலுக்கு வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது பாய் வைத்திருந்த ஒரே சட்டம்.

நல்ல மனிதர். நல்ல முதலாளியிடம் வேலை பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பது மோசமான முதலாளிகளிடம் மட்டுமே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை மதியம் டோங் டு பள்ளிவாசலுக்குத் தொழப் போவார். தொழுகை முடிந்து பின்பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால், நாலு ஊர்க்காரர்களும் அவரிடம் வந்து தங்கள் வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்வார்கள். பாய் திரும்பி வந்து மாடிப்படி ஏறும் சத்தத்திலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும். வழக்கத்தைவிட மெதுவாக ஏறினால் ஒரு கேஸ் வருகிறது. நடுவில் நின்று மூச்சு வாங்கினால் இரண்டு.

கட்டளை போட மாட்டார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நிற்பார். "ஒரு புள்ள இருக்கும்மா. மூணு வயசு. அதோட உம்மா ரொம்ப அழுவுறாக. ஒங்களுக்கு முடிஞ்சா பாருங்க. முடியலன்னா வேணாம்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் மனசாரத்தான் சொன்னார். ஆனால் அது உண்மைதானா என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

தெரபிஸ்ட்டுகள் நாங்கள் மூன்று பேர். நான், ஹசீனா, டிராம். ஹசீனா நாகூர்ப் பெண். கணவன் ரியாஸும் தூ டுக்கில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். டிராம் சைகோனிலேயே பிறந்தவள். பிசியோதெரபிஸ்ட்டாக இருந்து எங்கள் வேலைக்கு மாறியவள். அந்த நாட்டில் எங்கள் தொழிலே அப்போது புதிது.

மூவரில் யாருக்கும் மறுக்க வராது. இது குணம் இல்லை, தொழில் வியாதி. எங்கள் வேலையில் பிள்ளையிடம் தப்பு என்று சொல்லக் கூடாது. குழந்தை "தத்தாளி" என்றால் "ஆமா, தக்காளி, சிவப்புத் தக்காளி" என்று சந்தோஷமாகச் சொல்ல வேண்டும். பத்து வருஷம் இப்படியே பேசிக்கொண்டிருந்தால் மறுக்கிற வார்த்தை வாயிலிருந்து கழன்றுவிடும். கறிகாய்க் கடைக்காரர் அழுகின கத்தரிக்காயைப் போட்டால்கூட நான் முதலில் அவரைப் பாராட்டிவிட்டுத்தான் மாற்றித் தரச் சொல்வேன். டிராமுக்கு ஊர்ப் பழக்கமும் சேர்ந்துகொண்டது. பெரியவர்கள் எதைக் கேட்டாலும் "யா" என்று மரியாதையாக ஆரம்பிப்பாள். பாய் அந்த "யா"வைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு சந்தோஷமாகக் கிளம்பிவிடுவார்.

மூவரில் நிறையக் கேஸ் வாங்கிக்கொண்டது ஹசீனா. தமிழ்ப் பிள்ளைகள் அவளுக்கு, இங்கிலீஷ் பிள்ளைகள் அவளுக்கு, வியட்நாமிய மொழி நன்றாக வந்தபிறகு அந்த ஊர்ப் பிள்ளைகளிலும் பாதிப் பேர் அவளுக்கு. நன்றாக வேலை செய்தால் இன்னும் வேலை கிடைக்கும். எல்லா ஊரிலும் அதுதான் பரிசு.

3. செய்து பார்த்த வைத்தியங்கள்

ஹசீனா மிகவும் களைத்திருக்கிறாள் என்று பாயிடம் சொன்னேன். உடனே ஒரு கூடை டிராகன் பழம் வாங்கி அனுப்பினார். அதற்கும் தீரவில்லை என்றதும் ஒரு யோகா வாத்தியாரை ஏற்பாடு செய்தார். வகுப்பு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு. சைகோனில் அந்த நேரத்தில் ஆபீஸ்களில் விளக்கை அணைத்து, தரையில் படுக்கையை விரித்து எல்லோரும் ஒரு தூக்கம் போடுவார்கள். ஹசீனாவுக்கு ஒரு நாளில் கிடைத்த ஒரே ஓய்வு அதுதான். அந்த நேரத்தில் அவள் காலைத் தூக்கிக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றாள். யோகா வாத்தியாரிடம் வர வேண்டாம் என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அவருக்கே வேறு வேலை கிடைத்துப் போனார், பிழைத்தோம்.

யாரோ சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டினார்கள். உன்னை நீயே நேசி என்று இங்கிலீஷில், பின்னால் சூரிய உதயம். நான் கிழித்துப் போட்டேன். எனக்கு அந்த மாதிரி போஸ்டர்களைக் கண்டால் ஆகாது.

கட்டாயப்படுத்தி லீவு கொடுத்தோம். லீவில் தூ டுக்கில் ஒரு பிள்ளைக்கு வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, வீட்டுக்குப் பக்கம்தானே, அவர்கள் கேட்டார்கள் என்றாள்.

அப்புறம் ரியாஸ் போன் செய்தான்.

"அக்கா, வீட்ல இவ பேச மாட்டேங்குறா. தண்ணி வேணும்னா ஜக்கக் காட்டுறா. சண்டகூட போடல."

எப்போதிலிருந்து இப்படி, கண்ணைப் பார்க்கிறாளா, கூப்பிட்டால் திரும்புகிறாளா, தானாகச் சைகை செய்கிறாளா என்று வரிசையாகக் கேட்டேன். ரியாஸ் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்தான். சாப்பாட்டை மென்று விழுங்குவதில் சிரமம் உண்டா என்று கேட்டபோதுதான் நிறுத்தினான்.

"அக்கா, அவ எம் பொண்டாட்டி."

அதுவும் சரிதான். அதற்குமேல் கேஸ் ஹிஸ்டரி எடுக்கவில்லை.

ரியாஸ் இன்னொன்றும் சொன்னான். அவன் கம்பெனியில் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிரிவில் ஒரு இடம் காலி. அந்தப் பிரிவுக்கு மேலாளராக இருக்கும் அம்மா ஹசீனாவைக் கேட்டிருக்கிறார், இவளும் சரி என்றுவிட்டாள். மாதக் கடைசிக்குள் உறுதியாகச் சொல்ல வேண்டும். அதோடு இந்தத் தொழில் முடிந்தது.

போனை வைத்தேன். எனக்குப் பயமாக இருந்தது. நான் நிறையப் பேருக்கு வேலை பழக்கியிருக்கிறேன். பிள்ளை வாயைத் திறப்பதற்கு முன்னால் அது எதைச் சொல்ல முயல்கிறது என்று தெரிந்துகொள்ளும் காது அவர்களில் ஒருவருக்கோ இருவருக்கோதான் இருந்தது. ஹசீனாவுக்கு இருந்தது. அவள் போனால் போனதுதான், இந்தத் தொழிலுக்கு யாரும் திரும்பி வருவதில்லை.

4. டார்கெட்

வழி சொன்னவள் டிராம். என்னை "கோ" என்றுதான் கூப்பிடுவாள். அங்கே ஆசிரியையை அப்படித்தான் அழைப்பார்கள். அவள் சொன்னது இது: நாம் ஏன் பழமும் யோகாவும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம், கோ? நாம் பேச்சுப் பயிற்சிக்காரர்கள். ஹசீனாவுக்கு ஒரு வார்த்தை சொல்ல வரவில்லை. வராத வார்த்தையை வரவழைப்பதுதானே நம் வேலை?

நான் சிரித்தேன். பிறகு இதைவிட நல்ல யோசனை என்னிடம் இல்லை என்று தெரிந்தது. ஹசீனாவிடம் கேட்டோம். சரி என்றாள். அவள் எதற்குத்தான் சரி என்று சொல்லவில்லை?

யோகா ஒழிந்த மதிய நேரத்தில், தூக்கத்தில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு ஆரம்பித்தோம். ஒரு பிள்ளைக்கு "க" வராவிட்டால் என்ன செய்வோமோ அதே முறை. வரவழைக்க வேண்டிய வார்த்தையை டார்கெட் என்போம். முதலில் அது தனியாக: முடியாது. அது வந்தது. அடுத்து ஆளைப் பார்த்து. இதற்காக சென்டரின் விளம்பரத் தாளிலிருந்து ஜமால் பாயின் படத்தை வெட்டி லேமினேட் செய்தோம். படத்தில் பாய் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே ஹசீனாவின் குரல் கம்மிவிடும். டிராம் படத்தை முதலில் அறையின் அந்தக் கோடியில் வைத்தாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தாள். சரியாகச் சொன்னால் ஸ்டிக்கர். ஹசீனா அதைத் தன் அடையாள அட்டையில் ஒட்டிக்கொண்டாள்.

அடுத்தது முழு வாக்கியம். "இன்னிக்கு முடியாது பாய்." இங்கேதான் தகராறு. உச்சரிப்புப் பிழைகளில் ஒலியை விட்டுவிடுவது, மாற்றிச் சொல்வது, கூடுதலாகச் சேர்ப்பது என்று வகைகள் உண்டு. ஹசீனாவின் பிழை மூன்றாவது வகை. "இன்னிக்கு முடியாது பாய், பாவம், வரச் சொல்லுங்க" என்பாள். அந்த வாலை வெட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பெற்றோருக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கும் முக்கியமான பாடம் ஒன்று உண்டு. கேள்வி கேட்டபிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். பிள்ளைக்கு அந்த இடைவெளி வேண்டும். அதைப் பிறருக்குச் சொல்லிக்கொடுப்பதில் ஹசீனா கெட்டிக்காரி. ஆனால் தானே மறுத்துவிட்டு அதற்குப் பிறகு வருகிற மௌனத்தைத் தாங்க அவளால் முடியவில்லை. அதற்கும் பயிற்சி கொடுத்தோம். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உதட்டை மூடி உட்கார வேண்டும். டிராம் ஒரு தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்று பாய் மாதிரியே பெருமூச்சு விட்டாள். ஹசீனா அசையவில்லை. பயிற்சி அறைக்குள் அவள் தேறிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை நிஜ பாய் ஒரு கேஸோடு வந்தார். நாங்கள் மூவரும் காத்திருந்தோம்.

"இன்னிக்கு முடியாது பாய்" என்றாள் ஹசீனா. தெளிவான குரல், சரியான வேகம். பின்னால் நின்ற எனக்குப் புல்லரித்தது. பாய் சரிம்மா என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"எத்தன மணிக்கு வரச் சொல்லியிருக்கீங்க?" என்றாள் ஹசீனா உடனே.

அறையில் வந்தது வெளியில் வராவிட்டால் எங்கள் பாஷையில் அதற்கு கேரிஓவர் இல்லை என்று பெயர். பாதி கேஸ்கள் இங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கும்.

5. நேரிலேயே உட்கார்ந்தார்

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பாய் தன் படத்தைப் பார்த்துவிட்டார். கார்டு டப்பாவில் மாட்டுக்கும் குடைக்கும் நடுவில் இருந்தது. என்னிடம் எடுத்து வந்து, பிள்ளைகளுக்கு இது எந்தச் சொல்லுக்கு என்று கேட்டார்.

பொய் சொல்லத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கம்பெனி வேலையைப் பற்றியும், ஹசீனா வீட்டில் பேசாமல் இருப்பதைப் பற்றியும். பாய் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அவ்வளவு தொந்தரவாம்மா?"

"ஆமா பாய்" என்றேன். முதலில் பாராட்டாமல் நான் நேராகப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

பாய் படத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, "அப்ப நானே வந்து ஒக்காரட்டா? போட்டோவ விட ஆளு நல்லதுதானே" என்றார்.

எங்கள் அறையில் இருப்பது பிள்ளைகள் உட்காரும் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து பாய் அதில் உட்கார்ந்தார். முழங்கால் முகவாய்க்கு வந்தது. எதிரில் ஹசீனா. டிராம் பக்கத்தில் ஸ்டிக்கரோடு தயாராக இருந்தாள். பாயிடம் கற்பனையாகக் கேட்கச் சொன்னோம். கொஞ்சம் தயங்கியபின் நன்றாகவே கேட்டார். வாய் பேசாத இரட்டைக் குழந்தைகள் என்றார். முடியாது பாய். திக்குகிற மாப்பிள்ளை, அடுத்த மாதம் நிக்காஹ் என்றார். முடியாது பாய். அவருக்கே சிரிப்பு வந்தது. ஹசீனாவும் லேசாகச் சிரித்தாள். அவள் சிரித்து வெகுநாளாகிவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பிறகு பாய் நிறுத்தினார். தொப்பியைக் கையில் எடுத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"இது நெசம்மா. இப்ப தொழுதுட்டு வரும்போது சொன்னாக. சின்னப் புள்ள, ரெண்டு வயசு. காது கேக்குது, பேச்சு இல்ல. எந்தங்கச்சி மவன் மாதிரியேதான்."

டிராமின் கையிலிருந்த ஸ்டிக்கர் அப்படியே நின்றது. இதை நிறுத்தலாமா என்று எனக்குள் ஓடியது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது. ஹசீனா இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"இதுவும் இன்னிக்கு முடியாது பாய்."

கீழே தெருவில் மோட்டார்சைக்கிள்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. பாய் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்து இறங்கியது, துடைக்கவில்லை, கையை எடுக்கவில்லை. வால் வரவில்லை.

"சரிம்மா" என்றார் பாய். நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை, நான் கைகொடுத்தேன். வெளியே போய் அந்தக் குடும்பத்துக்கு அவரே போன் செய்து, இப்போது இடமில்லை, கொஞ்சம் காத்திருக்க வேண்டும் என்றார். அந்த வாக்கியத்தை அவர் வாயால் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. சொல்லி முடித்துவிட்டு வெகுநேரம் போனைக் கையிலேயே வைத்திருந்தார்.

அந்தப் பிள்ளை காத்திருந்தது. இடம் வந்தபிறகுதான் அதற்கு செஷன் ஆரம்பித்தது. இடையில் போன காலம் அதற்கு நஷ்டம்தான், இதை இனிப்புத் தடவிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் அது வந்தபோது அதற்கு எதிரில் உட்கார, அது சொல்வதைக் கேட்க ஒரு ஆள் இருந்தாள்.

6. மாதக் கடைசி

அதற்குப் பிறகு பாய் ஒரு ஏற்பாடு செய்தார். புதுக் கேஸை யாரிடமும் தனியாகக் கேட்பதில்லை. மூவரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்பார், மறுநாள் பதில் சொன்னால் போதும். மதியத் தூக்கத்தில் கைவைப்பதில்லை. இளைஞர்கள் என்னிடம் பர்ன்அவுட் வராமலிருக்க வழி கேட்டால் நான் சொல்வது இவ்வளவுதான். மறுப்பது ஒரு திறமை, அது அறிவுரையால் வராது, பழக வேண்டும். தனியாகப் பழகினால் அறைக்குள்ளேயே நின்றுவிடும். கேட்கிறவரையும் எதிரில் உட்காரவைக்க வேண்டும்.

எனக்கு ஒரு கவலை மட்டும் மிச்சம் இருந்தது. அந்த வெள்ளிக்கு அடுத்த திங்கட்கிழமை காலையில் காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு ஹசீனாவிடம் கேட்டேன்.

"மாசக் கடைசி வருதே. அந்தக் கம்பெனிக்கு என்ன சொல்லப்போற?"

"சனிக்கிழமையே சொல்லிட்டேங்கா."

"என்னன்னு?"

"முடியாதுன்னு. அந்தம்மா அன்னிக்கு ரொம்ப நல்ல மாதிரியா கேட்டாக, அதான் சரின்னுட்டேன். எனக்கு அந்த வேல எப்பவுமே வேணாங்கா."

காப்பியைக் குடித்துவிட்டு அவள் செஷனுக்குப் போனாள். தொழிலை விட்டுப் போகிறவர்களை அதுவரை நான் வேலை பிடிக்காமல் போகிறவர்கள் என்று நினைத்திருந்தேன். பல பேர் அப்படி இல்லை. சின்னச் சின்னதாகச் சொல்லியிருக்க வேண்டிய 'முடியாது'களையெல்லாம் சொல்லாமல் சேர்த்துவைத்து, கடைசியில் ஒரே தடவையாக, தாங்கள் விரும்பிய வேலையிடமே சொல்லிவிட்டுப் போகிறார்கள்.